ஊரடங்கில் வீட்டிலேயே பைண்டிங்: அம்மாவின் தொடர்கதைத் தாள்கள்

வாரப் பத்திரிகையில் தொடர்கதை முடிந்ததும் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு வைத்துக்கொள்வது நம் வீடுகளில் ஒரு காலத்தில் சாதாரணம். கல்கி, விகடன், குமுதம் எதுவானாலும் சரி, கதை புத்தகமாக வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. புத்தகத்தில் இடம்பெறாத ஓவியங்கள் இதில் இருக்கும். பக்கத்தைப் புரட்டினால் பின்னால் ஒரு நகைச்சுவைத் துணுக்கு, ஒரு ரேடியோ விளம்பரம், பாதியில் அறுந்த சமையல் குறிப்பு என்று அந்த வாரமே கூட வந்திருக்கும். எங்கள் அம்மாவும் 1970களில் அப்படிச் சேர்த்தவர்தான். சில பைண்டு ஆயின. பெரும்பகுதி ஆகவில்லை. ஆகாதவை சணல் கயிற்றால் கட்டி டிரங்குப் பெட்டிக்குள் போய், பரண் ஏறிவிட்டன.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 வந்தது. மறுநாளிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. அந்த 25ஆம் தேதி விடியற்காலையில்தான் தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் எங்கள் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. பால் வாங்கப் போனவர்கள்கூட ஒருவரையொருவர் நின்று விசாரிக்காமல் திரும்பிய நாட்கள். செய்தி சேனல் ஓட ஓட அம்மாவுக்குப் படபடப்பு கூடியது. டிவியை நிறுத்திவிட்டுப் பெட்டியை இறக்கினோம்.

பைண்டிங் வேலையில் கை ஓடும் நேரம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் காய்வதற்குக் காத்திருப்பது. ஒரு கிழிசலை ஒட்டினால் அது காயும்வரை அந்தத் தாளைத் தொடக்கூடாது. ஒட்டியதை அடுக்கினால் இரவு முழுக்கச் சுமை வைக்க வேண்டும். கடை நடத்துபவருக்கு இந்த நேரம் கட்டுப்படியாகாது. பத்துப் புத்தகத்தைச் சேர்த்துப் பிரஸ்ஸில் இறுக்கி, முதுகில் பசையைப் பூசி, மூன்று பக்கமும் கட்டிங் மிஷினில் வெட்டி, சொன்ன நாளில் கொடுத்தால்தான் அவருக்குப் பிழைப்பு. பள்ளிக்கூட நோட்டும் அலுவலக லெட்ஜரும் அதைத் தாங்கும். ஐம்பது வருடம் பழுத்த பத்திரிகைத் தாள் தாங்காது. அதற்கு வேண்டியது, வெளியே போக முடியாமல் வீட்டில் இருக்கிற ஒரு ஆளும், மாடிப்படிக்குக் கீழே யாரும் கால் வைக்காத ஓர் இடமும்தான். ஊரடங்கு அந்த இரண்டையும் கொடுத்தது.

தாளைப் படிப்பது

முதலில் வந்தது தூசி. அகலமான பெயிண்ட் பிரஷ்ஷால், ஒவ்வொரு தாளாக, நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி மெதுவாகத் தட்டினேன். மூக்கில் துணி கட்டாமல் இதைச் செய்யக்கூடாது. பழைய தாளின் தூசியில் பூஞ்சையும் இருக்கும், பூச்சியின் கழிவும் இருக்கும்.

தாள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பழுக்கவில்லை. நடுவில் இன்னும் வெளுப்பு இருந்தது. வெளி ஓரம் நல்ல டிக்காஷன் நிறம். ஓரத்தை விரலால் லேசாக மடக்கியதும் அப்பளம் மாதிரி ஒடிந்து கையோடு வந்தது. பத்திரிகைக் காகிதம் மரத்தை அப்படியே அரைத்த கூழிலிருந்து வருவது. மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் அதிலேயே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளிக்கும். கூடவே தாளில் அமிலம் ஏறி இழைகள் உடையும். வெளி ஓரத்துக்குத்தான் காற்று அதிகம், ஆகவே அங்கேதான் சேதமும் அதிகம். இதனால்தான் பழைய தாளை மொட்டைமாடி வெயிலில் காயப்போடக்கூடாது என்பேன். பூச்சி போகும் என்று பலரும் செய்கிறார்கள். பூச்சி போகலாம், தாளின் ஆயுளும் சேர்ந்து போகும். நிழலில், மின்விசிறியை மெதுவாக வைத்து, செய்தித்தாள் மேல் பரப்பினால் போதும்.

சில கட்டுகளில் இதழின் ஸ்டேப்ளர் பின் அப்படியே இருந்தது. துருப்பிடித்த பின்னை மேலிருந்து இழுத்தால் தாளும் கூடவே வரும். கட்டைக் கவிழ்த்து, பின்னின் இரண்டு கால்களையும் வெண்ணெய்க் கத்தியின் மழுங்கிய நுனியால் நிமிர்த்திவிட்டு, பிறகுதான் முன்பக்கம் தூக்க வேண்டும். துருக்கறை போகாது, போக்கவும் முயலவில்லை. செல்லோடேப் ஒட்டிய இடங்களில் பிளாஸ்டிக் தானாகவே உரிந்து விழுந்தது. அதன் பசை மட்டும் பழுப்புப் பட்டையாகத் தாளுக்குள் இறங்கியிருந்தது. அதை தின்னர், பெட்ரோல் என்று எதையாவது போட்டுத் துடைத்தால் அச்சு மையும் கரையும். கறை கறையாகவே இருக்கட்டும்.

வரிசைப்படுத்தும் வேலை முழுக்க அம்மாவுடையது. சில இதழ்களில் பக்கத்தின் அடியில் தேதி உண்டு, சிலவற்றில் வெறும் பக்க எண்தான். அத்தியாய எண் முதல் பக்கத்தில் மட்டும் இருக்கும், உள்பக்கங்களுக்கு அதுவும் கிடையாது. நான் பக்க எண்ணை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா படித்தே அடுக்கினார். “இதுல அவன் இன்னும் பட்டணத்துலேர்ந்து வரவே இல்லையே. வந்தப்புறம்தான் அந்தக் கடுதாசி கிடைக்கும். இதை முன்னாடி வை” என்று ஒரு தாளை எடுத்து மேலே வைத்தார். ஓவியத்தில் கதாநாயகியின் சேலைக் கரை மாறியதைக் கண்டு இரண்டு வாரத்துத் தாள்கள் கலந்துபோனதைப் பிரித்தார். மத்தியானத் தூக்கம் போச்சு என்று அப்பா அலுத்துக்கொண்டார். அம்மா காதில் வாங்கவில்லை.

வரிசை முடிந்ததும் எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து வைத்தேன். பசை படுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். ஜன்னலோரம், நேர் வெயில் விழாத வெளிச்சத்தில், மேலிருந்து நேராக.

ஓரத்தில் எவ்வளவு வெள்ளை?

எங்கள் பகுதியில் வெகுகாலம் பைண்டிங் கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். போனில் பிடித்தேன். நான் பக்கத் தையல் போடலாமென்று இருந்தேன். அடுக்கின ஓரத்தில் துளையிட்டு மேலிருந்து கீழே நூலை வாங்கும் தையல் அது. கணக்கு நோட்டுக்கெல்லாம் அதுதான்.

“உள் ஓரத்துல எவ்வளவு வெள்ளை இருக்குன்னு அளந்து சொல்லுங்க தம்பி.”

“அரை இஞ்சுகூட இல்லைங்கய்யா.”

“அப்ப பக்கத் தையல் வேணாம். எழுத்தைத் தின்னுரும். விரிச்சுப் படிக்கப் பார்ப்பீங்க, தாளு தையல் ஓரமாவே ஒடிஞ்சு விழும். பாரமாக் கட்டித் தையுங்க.”

பாரம் என்பது மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிய தொகுப்பு. மடிப்பின் நடுவே ஊசி போகும், அதனால் புத்தகம் முழுக்க விரியும். ஆனால் எங்களிடம் இருந்தவை இதழிலிருந்து பிரித்த ஒற்றைத் தாள்கள். மடிப்பே கிடையாது. மடிப்பை நாமே உண்டாக்க வேண்டும். இரண்டு ஒற்றைத் தாள்களை நடுவில் ஒரு மெல்லிய காகிதப் பட்டையால் இணைத்தால் ஒரு மடித்த தாள் கிடைக்கும். இந்த ஒட்டுப்பட்டைதான் மொத்த வேலைக்கும் உயிர். ஊரடங்கில் எங்கள் நேரத்தின் பெரும்பகுதியை விழுங்கியதும் அதுதான்.

எட்டுத் தாள் ஒரு பாரம் என்று வைத்துக்கொண்டேன். 1ஆம் தாளுக்கு ஜோடி 8ஆம் தாள், 2க்கு 7, 3க்கு 6, 4க்கு 5. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 9 வர வேண்டும். ஒட்டுவதற்கு முன் பென்சிலால் மூலையில் எண் போட்டு, ஜோடியை எடுக்கும்போதெல்லாம் என் மகள் “ஒன்பதா?” என்று கேட்டுச் சரிபார்த்தாள். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் அவளும் இந்த வேலையில் முழு நேர ஆளாகிவிட்டாள்.

பட்டைக்குக் காகிதம் மெல்லியதாக இருக்க வேண்டும், வலுவாகவும் இருக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் இதற்கு ஜப்பானியக் காகிதம் பயன்படுத்துவார்கள். எங்களுக்கு அப்பாவின் டைப்ரைட்டர் காலத்து மேனிஃபோல்டு தாள் கிடைத்தது. கார்பன் வைத்து நகல் எடுக்க அலுவலகங்களில் புழங்கிய மெல்லிய தாள். பட்டை 12 மில்லிமீட்டர் அகலம். இரு பக்கமும் தாளின் மேல் 4 மில்லிமீட்டர் ஏறும், நடுவில் 4 மில்லிமீட்டர் இடைவெளி. மடிப்பு அந்த இடைவெளியில்தான் விழ வேண்டும். பழுத்த தாள் மடியவே கூடாது.

காகிதத்துக்கு ஒரு ஓட்டம் உண்டு. ஒரு செய்தித்தாளை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், நேராகப் போகும். குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு ஓடும். இழைகள் ஒரு திசையில் படுத்திருப்பதால் அப்படி. பட்டையின் நீளம் அந்த இழையோட்டத்தோடு போகும்படி நறுக்க வேண்டும். அட்டை, அட்டையின் உட்பக்கத்தை மூடும் முகப்புத் தாள், துணி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். இழையோட்டம் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். மாறி இருந்தால் பசை காயும்போது அட்டை வளையும், எவ்வளவு சுமை வைத்தாலும் நிமிராது.

பசை

பைண்டர் பசை என்றால் மைதாவும் மயில்துத்தமும் என்றுதான் நமக்குத் தெரியும். போஸ்டர் ஒட்டுபவர்கள் வாளியில் கலக்குவதும் கிட்டத்தட்ட அதுவே. பெரியவரும் அதைத்தான் சொன்னார். இந்த இடத்தில் மட்டும் நான் அவர் வழியில் போகவில்லை. மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். பூச்சி வராது என்பது உண்மை. ஆனால் செம்பு உப்பு, காகித இழை சிதையும் வேதிவினையை வேகப்படுத்தும். பழைய ஐரோப்பிய வரைபடங்களில் செம்பிலிருந்து எடுத்த பச்சை வண்ணம் பூசிய இடம் மட்டும் பழுப்பாகி உதிர்ந்திருப்பதைக் காணலாம். ஏற்கெனவே அமிலம் ஏறிய தாளின் மேல் அதைப் பூச எனக்கு மனம் வரவில்லை. குழந்தை கை வைக்கும் வேலையில் அது விஷம் வேறு.

மைதாவிலும் ஒரு சிக்கல் உண்டு. அதில் மாவுச்சத்தோடு குளூட்டன் என்ற புரதமும் இருக்கிறது. பசைக்கு வேண்டியது மாவுச்சத்துதான். அதைத் தனியாகப் பிரிப்பது எப்படி என்று அம்மாவிடம் விளக்கத் தொடங்கினேன். “அல்வாவுக்குப் பால் எடுக்கிற மாதிரிதானே?” என்று முடித்துவிட்டார். திருநெல்வேலி அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, அடியில் படிவதை வைத்துத்தான் கிளறுவார்கள். அந்தப் படிவுதான் கோதுமை ஸ்டார்ச். உலகெங்கும் பழைய ஆவணங்களைச் செப்பனிடுபவர்கள் காய்ச்சுவதும் அதே ஸ்டார்ச்தான்.

மைதாவை வைத்தே செய்தோம். சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, பாத்திரத்து நீருக்குள் வைத்துப் பிசையப் பிசைய வெள்ளைப் பால் இறங்கும். கையில் கடைசியாக ரப்பர் மாதிரி ஓர் உருண்டை மிஞ்சும், அதுதான் குளூட்டன், வேண்டாம். பாலை மெல்லிய துணியில் வடிகட்டி, ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் மேலே மஞ்சளான தெளிவு நீர் நிற்கும். அதை இறுத்துவிட்டு அடியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படிவு ஒரு கரண்டிக்குத் தண்ணீர் நாலு கரண்டி. அடுப்பைச் சின்னதாக வைத்து, கை எடுக்காமல் கிளற வேண்டும். முதலில் பால் மாதிரி இருப்பது திடீரென்று இறுகும். அங்கே நிறுத்திவிடக்கூடாது. இன்னும் இருபது நிமிடமாவது போனால்தான் வெண்மை போய்க் கண்ணாடித்தன்மை வரும், கரண்டியிலிருந்து கனமாக வழியும். ஆறியதும் மறுபடி வடிகட்டித் தேவைக்குத் தண்ணீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம்.

மதுரை வெயிலில் இந்தப் பசை வெளியே ஒரு நாள்கூடத் தாங்காது, புளித்து நீர்த்துவிடும். அதனால் சிறு கிண்ணம் அளவுக்கே காய்ச்சினோம். மே 4ஆம் தேதி அக்னி நட்சத்திரம் பிறந்தது. அன்றுதான் மீனாட்சி திருக்கல்யாணமும். பக்தர்கள் இல்லாமல், சில பட்டர்கள் மட்டும் நின்று நடத்த, ஊரே வீட்டிலிருந்து பார்த்தது. அழகர் ஆற்றில் இறங்காத சித்திரை அது. அம்மா டிவி முன் கைகூப்பி உட்கார்ந்திருக்க, நான் அடுப்படியில் பசை கிளறிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். மாங்கல்யதாரணம் ஆனதும் அம்மா எழுந்து போய்ப் புதுத் தாலிச் சரடு மாற்றிக்கொண்டு வந்து, பட்டை நறுக்க உட்கார்ந்தார்.

இந்தப் பசையின் பெரிய நன்மை, நாளைக்கு யாராவது பிரிக்க நினைத்தால் ஈரத்துணி வைத்து ஊறவிட்டுப் பிரித்துவிடலாம். ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசை காய்ந்தால் அப்படி வராது. பழைய தாளில் செய்யும் எந்த வேலையையும் பின்னால் வருபவர் திருத்துவதற்கு வழி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஒட்டும்போது தண்ணீர் குறைவாக இருப்பது முக்கியம். ஈரம் கூடினால் தாள் அலை அலையாக எழும். பட்டைக்கு மட்டும் பசை பூசி, அரை நிமிடம் விட்டு, பிறகு தாளின் மேல் படுக்கவைத்து, கரண்டிக் காம்பின் பின்பக்கத்தால் ஒருமுறை தேய்த்தால் போதும். கறுப்பு அச்சு மை கரைவதில்லை. வண்ண ஓவியம் உள்ள பக்கங்களிலும், யாரோ பேனாவால் கிறுக்கிய இடங்களிலும், ஈரப் பஞ்சால் ஓரத்தில் தொட்டுப் பார்த்த பிறகே பசையைக் கொண்டுபோனோம். ஒட்டிய ஜோடிகளை, கழுவித் துடைத்த பால் கவர்களைப் பிரித்து இடையிடையே வைத்து அடுக்கினோம். பிளாஸ்டிக்கில் இந்தப் பசை ஒட்டாது.

சுமைக்குப் பிரஸ் கிடையாது. வீட்டில் விசேஷத்துக்கு உட்காரும் மணை இரண்டு இருந்தன. ஒன்றைக் கீழே, ஒன்றை மேலே வைத்து, அதன் மேல் அம்மிக்கல். இதைவிடச் சமமாக அழுத்தும் கருவி எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

தையல்

தையல் மிஷின் நூல் மெல்லியது, பழுத்த தாளை அறுத்துவிடும். ஆனால் நூல் ரொம்பத் தடிமனானால் ஒவ்வொரு பாரத்துக்கும் ஒரு சுற்று சேர்ந்து, புத்தகத்தின் முதுகு மட்டும் வீங்கி, திறக்கும் வாய்ப்பக்கம் ஒல்லியாக நிற்கும். ஒட்டுப்பட்டையாலேயே முதுகு ஏற்கெனவே கொஞ்சம் கனத்திருந்தது. பருத்தி நூலை மூன்று இழையாக முறுக்கி மெழுகு தடவியது சரியான அளவில் வந்தது. ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு விளக்கேற்றச் சொன்னபோது வாங்கிய மெழுகுவத்தி மிச்சம் இருந்தது. அதன் மேல் நூலை இரண்டு முறை இழுத்தோம். தேன்மெழுகு கிடைத்தால் இன்னும் நல்லது.

பாரங்களின் முதுகுக்குக் குறுக்கே நாடா கொடுத்துத் தைப்பது பழைய முறை. நூல் நாடாவைச் சுற்றிப் போகும், நாடாவின் இரு நுனியும் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தின் கனத்தைத் தாங்குவது நாடாதான். இதற்கென்று கடையில் விற்பதைத் தேட வேண்டியதில்லை. தட்டையாக நெய்த பாவாடை நாடா அச்சு அசலாக அதே பொருள்.

மூன்று நாடா. ஒவ்வொன்றின் இரு பக்கமும் ஒரு துளை, மேலும் கீழும் கடைசியில் ஒவ்வொன்று, ஆக எட்டுத் துளை. துளையிடும் இடத்தை ஓர் அட்டைத் துண்டில் குறித்துக்கொண்டு, அதையே எல்லாப் பாரத்தின் மடிப்பிலும் வைத்துக் குத்தினேன். ஊசியின் காதுப் பக்கத்தைக் கார்க்கில் செருகினால் பிடிக்க வசதி. ஊசி கடைசித் துளையில் உள்ளே போய், மடிப்பின் உட்புறமாக ஓடி, நாடாவுக்கு முன் வெளியே வந்து, நாடாவைத் தாண்டி மறுபடி உள்ளே போகும். இப்படியே மறுமுனை வரை. பிறகு அடுத்த பாரத்தை மேலே வைத்துத் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு முனையிலும் கீழ்ப் பாரத்துத் தையலின் அடியில் ஊசியை விட்டு எடுத்து ஒரு கண்ணி போட்டால் பாரங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நூலை மடிப்பின் நீளத்தோடு இணையாக இழுத்து இறுக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் பட்டை கிழியும்.

தையலில் என் மகளின் கை என் கையைவிட நிதானமாக இருந்தது. மூன்றாவது பாரத்துக்குள் அவளுக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. உள்ளே, வெளியே, நாடாவைத் தாண்டி, உள்ளே.

தைத்ததும் முதுகில் பசை பூசி, அப்பாவின் பழைய மல் வேட்டியில் ஒரு துண்டு வெட்டி, இரு பக்கமும் மூன்று சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டினோம். அது காய்ந்ததும் மேலே பிரவுன் தாள். ஓரம் எதையும் வெட்டவில்லை. தாள்கள் கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும்தான். ஆனாலும் ஒடியும் ஓரத்தில் கத்தி வைத்தால் ஓவியத்தின் நுனியும் பக்க எண்ணும் போகும். நேரான விளிம்பைவிட அவை எனக்குப் பெரிது.

அட்டையும் துணியும்

ஏப்ரல் 26 முதல் 29 வரை மதுரையில் முழு ஊரடங்கு. மளிகைக் கடைகூடத் திறக்கவில்லை. ஸ்டேஷனரிக் கடைக்கு வழியே இல்லை. பைண்டிங் அட்டைக்குப் பதிலாகப் பட்டுப்புடவைப் பெட்டிகளை வெட்டினோம். ஓர் அட்டை தனியாக ஒல்லி. இரண்டை, இழையோட்டம் ஒரே திசையில் வைத்து, பசையால் ஒட்டி இரவு முழுக்க அம்மியின் கீழ் வைத்ததில் நல்ல கனமான பலகை கிடைத்தது. தாளைவிட மூன்று பக்கமும் 3 மில்லிமீட்டர் அதிகம் விட்டு அளந்தேன். முதுகுக்கும் அட்டைக்கும் நடுவே 7 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளிதான் கீல். அது குறைந்தால் அட்டை முழுதாகத் திறக்காமல் முதல் பாரத்தை இழுக்கும்.

துணிக்கு அம்மா ஒரு பழைய சுங்குடிச் சேலையைக் கொடுத்தார். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி. எத்தனையோ வருடம் துவைத்ததில் கசிய வேண்டிய சாயமெல்லாம் கசிந்து முடிந்திருந்தது. நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தோம், ஒட்டவில்லை. மெல்லிய பருத்தித் துணியை நேரடியாக அட்டையில் ஒட்டினால் பசை ஊடுருவி மேல்பக்கம் திட்டுத்திட்டாகத் தெரியும். அதற்காகத்தான் காலிகோவில் கஞ்சி ஏற்றியிருக்கிறார்கள். நாங்கள் சேலைத் துணியின் பின்புறம் ஒரு மெல்லிய தாளை ஒட்டி, சுவரில் வைத்த கண்ணாடி மேல் விரித்துக் காயவிட்டோம். காய்ந்து உரிந்து வந்த துணி, கடைக் காலிகோவைப் போலவே விறைப்பாக இருந்தது, கைக்கு அதைவிட மென்மை. சுங்குடிப் புள்ளிகளின் வரிசை அட்டையின் விளிம்புக்கு இணையாக வர வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்று, துணியை மூன்று தடவை நகர்த்த வைத்தார். அவர் சொன்னது சரி. கண் முதலில் போவது அங்கேதான்.

முகப்புத் தாள், போன வருடம் மகளின் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட வாங்கியதில் மீந்த பிரவுன் தாள். நாடா நுனிகளையும் வேட்டித் துணியையும் அட்டையின் உட்பக்கம் ஒட்டி, அதன் மேல் முகப்புத் தாளை இறக்கி, பால் கவரை இடையில் வைத்து மூடி, மணைக்குக் கீழே போனது. இதில்தான் பொறுமை வேண்டும். இரண்டு முழு நாள் திறக்கவே கூடாது. ஈரம் மிச்சமிருக்கும்போது திறந்தால் அட்டை வளைந்துபோகும்.

பெயர்த்தாளை அம்மா தன் கையெழுத்தில் இந்தியன் இங்க் தொட்டு எழுதினார். கதையின் பெயர், எழுதியவர், ஓவியர், இதழ், வருடம். ஓவியரின் பெயரை விடக்கூடாது என்றார்.

பூச்சி

மயில்துத்தம் போடாததற்கு மாற்று வேண்டுமே. தாள்களில் ஏற்கெனவே ராமபாணம் விளையாடியிருந்தது. வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுமே, அந்தப் பூச்சி. அதற்கு மாவும் பசையும் விருந்து. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு நடுவே வைக்கும் பொட்டலம் பெயர் பெற்றது. வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை இவற்றைப் பொடித்துக் கர்ப்பூரம் சேர்த்துத் துணியில் கட்டுவார்கள். வசம்புக்காக நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் கபசுரக் குடிநீர்ச் சூரணத்துக்கு வட்டம் போட்டு வரிசையில் ஆட்கள் நின்றார்கள். நானும் ஒரு வட்டத்தில் நின்று வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பெட்டியின் மூலையில் வைக்க வேண்டும், தாளின் மேல் படக்கூடாது. மணம் குறைந்ததும் புதிது கட்ட வேண்டும். அதைவிட முக்கியமானது மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து புத்தகங்களைப் புரட்டுவது. ராமபாணத்துக்கு இருட்டும் அசையாத இடமும் வேண்டும். படிக்கிற புத்தகத்தில் அது குடியேறுவதில்லை.

கட்டி முடித்த முதல் தொகுதியைக் கடைசியில் மேசையில் மல்லாத்தித் திறந்தோம். நடுப் பாரம் கைவிட்டாலும் மூடிக்கொள்ளாமல் படிந்து கிடந்தது. உள் ஓரத்துக் கடைசி எழுத்துவரை தெரிந்தது. பெரியவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். “கண்ணி ரெண்டாவது பாரத்துல லேசாத் தளர்ந்திருக்கு தம்பி, தாங்கும். துணி யாரு போட்டது? நல்லாருக்கு” என்று குரல் பதிவு வந்தது. அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

ஜூன் 24 முதல் மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது இரண்டாவது கதை பாதியில் இருந்தது. அது கல்கியில் வந்த ஒன்று. 1941இல் தொடங்கிய அந்த இதழ் அந்த 2020ஆம் ஆண்டிலேயே அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. அச்சில் வந்த வாரங்கள் இனி இருப்பதுதான் என்று ஆனபின், கையில் உள்ள தாளின் மேல் இன்னும் கவனம் கூடியது. முழு இதழ்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து இனிமேல் கதைக்காக இதழைப் பிரிக்காதீர்கள். விளம்பரமும் தலையங்கமும் அட்டைப்படமும் சேர்ந்ததுதான் இதழ். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்தவை சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. துண்டுப் பிரசுரத்தைக்கூட அவர் சேர்த்து வைத்திருந்தார். ஏற்கெனவே பிரித்துவிட்ட கட்டு இருந்தால் மட்டும் நாங்கள் செய்ததைச் செய்யுங்கள்.

இந்த இரண்டாவது கதையில் இரண்டு வாரத் தாள்கள் இல்லை. அம்மா பிறந்தவீட்டுக்குப் போயிருந்த சமயம் அது, அந்த இதழ்களை யாரோ இரவல் வாங்கிப் போயிருக்கலாம் என்கிறார். தாள் இல்லாத இடத்தை அப்படியே சேர்த்துத் தைத்தால் பின்னால் கிடைக்கும்போது நுழைக்க வழியிருக்காது. அதனால் அந்த அத்தியாயங்களுக்கு உரிய இடத்தில், காணாமல் போன தாள்களின் எண்ணிக்கைக்குச் சரியாக ஒட்டுப்பட்டைகளை மட்டும் வைத்துப் பாரத்தைத் தைத்திருக்கிறோம். பட்டை இங்கே இரண்டு சென்டிமீட்டர் அகலம், நூலகத்திலிருந்து நகல் வந்தால் அதன் மேல் ஒட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு பட்டையிலும் எந்த வாரம், எந்த அத்தியாயம் என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. பேனா வேண்டாம், பசை படும்போது கரையும்.